மூங்கில்மலைக் கல்லில் ஒரு வரி

ஹாலிஎல,
21.01.2024

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி ஞானப்பூவுக்கு,

அண்ணன் இராசையா எழுதுவது. நானும் உன் அண்ணியும் ஆண்டவர் கிருபையால் சுகம். சீனி வருத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கிறதில்லை. உன் சுகமும் மகன் கிஷாந்தன் சுகமும் எழுது. காதை டாக்டரிடம் காட்டினாயா? போனில் பேசினால் உனக்குக் கேட்காது. போனில் எழுதலாம் என்றால் நான் ஒன்றை அழுத்த மூன்று எழுத்து விழுகிறது. ஆகவே நமக்கு முத்திரைதான் கதி.

ஒரு நல்ல செய்தி. மூங்கில்மலைத் தோட்டத்தில் நம் பப்டிஸ்ட் கோயில் இருந்த இடத்தில் நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். மண்சரிவுக்குப் பிறகு தகரத்தையும் கதவையும் கழற்றிப் போனார்கள் அல்லவா, இப்போது மானாப்புல்லுக்குள் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. டவுன் சபைக்குப் புதிதாக வந்த போதகர் நிரோஜன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வீடு தேடி வந்தார். "ஐயா, கடைசிக் காரியதரிசி நீங்கள்தானே. வசனத்தை நீங்களே எழுதித் தாங்கோ" என்றார். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவனுக்கு, அழியாத கல்லில் எழுதக் கிடைத்திருக்கிறது. கல்லைத் திறந்து வைப்பதும் நான்தானாம்.

இப்படி எழுதியிருக்கிறேன்: "மூங்கில்மலை பப்டிஸ்ட் ஆலயம், 1931–1985. தோட்டத் தொழிலாளர் தம் கையால் கட்டியது. மண்சரிவின்போது கீழ் லயத்து மக்களுக்கு அடைக்கலம் தந்தது."

கட்டிய வருஷம் 1931 சரிதானா? மணியை யார் கொடுத்தார்கள்? அப்பா உன்னிடம்தான் பழங்கதை அதிகம் பேசுவார். யோசித்து உடனே எழுது.

உன் வீட்டாருக்காக ஜெபிக்கும் அண்ணன்,
இராசையா

*

கிளிநொச்சி,
09.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞானப்பூ ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். டாக்டரிடம் காட்டினோம். அவர் காதைப் பற்றி ஏதோ விளக்கமாகச் சொன்னார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. 2009 யுத்தத்தில் செல் விழுந்தபோது போன காது இனித் திரும்பாது என்று எழுதிக் காட்டினார். அண்ணிக்கு என் அன்பு. முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

1931 சரிதான். அந்த வருஷம் கொழுந்து குறைந்து ஆட்களுக்குப் பாதி நாள் வேலை இல்லாமல் போனதால்தான் கல் சுமக்க ஆள் கிடைத்தது என்று அப்பா சொல்வார். மணி எங்கே இருந்தது அண்ணன்? தண்டவாளத் துண்டல்லவா தொங்கியது! ஸ்டேஷனில் கழித்துப் போட்டதை அப்பாவும் இன்னும் நாலு பேரும் தூக்கி வந்தார்கள். அதை நீங்கள் வெண்கல மணியாக்கிக் கல்லில் அடித்துவிடாதீர்கள், உங்களுக்கு அந்தக் கைராசி உண்டு.

எனக்கு ஒன்றே ஒன்று. அடைக்கலம் தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள் தந்தது என்று எழுதவில்லையே?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி,
ஞானப்பூ

*

ஹாலிஎல,
27.02.2024

அன்பான தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து சந்தோஷம். நொச்சி ஒத்தடம் நல்ல பலன். அண்ணியின் கைப்பக்குவமும் சேர்ந்தது.

மணி விஷயம் எழுதாமல் விட்டுவிட்டேன். கறுப்புக் கிரனைட் கல், மூன்றடி உயரம். தமிழும் சிங்களமும் போடவேண்டும் என்பதால் இடம் நெருக்கம். ஒரு சொல் கூட்டினால் மறு பக்கம் ஒரு சொல் குறைக்கவேண்டும் என்கிறார் செதுக்குகிறவர். ஆகவே நாள் கணக்கெல்லாம் போடுவதற்கில்லை. திறப்பு விழா ஜூலையில். மத்தியானச் சாப்பாடு டவுன் சபைப் பெண்கள் பொறுப்பு. மழை வந்தால் கூடாரம் வேண்டும் என்று நான்தான் சொன்னேன், இவர்களுக்கு அந்த மலையின் குணம் தெரியாது.

வெலிமடையிலிருந்து துஷாந்தினி வந்திருந்தாள். ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்து வைத்தாள். மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறாள், நல்ல நிலைமை. கல்லுக்கு முதல் மலர்வளையம் அவள்தான் வைக்கப்போகிறாள். தங்கமான பிள்ளை. வரும்போதெல்லாம் என் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். நான் வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

கிஷாந்தனுக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணன்,
இராசையா

*

கிளிநொச்சி,
12.03.2024

அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

எந்தத் துஷாந்தினி? நம் பெரியாயி பெற்ற துஷாந்தினியா? இருமலோடு என் மடியில் கிடந்த ரெண்டு வயசுப் பிள்ளையா? மண்சரிவுக்கு எட்டாம் நாள் வெலிமடையிலிருந்து அவள் அத்தை வந்து தூக்கிப் போனபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளே, அவளா?

அவள் உங்கள் வீட்டுக்கு வந்து போகிறாள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு கடிதத்திலாவது எழுதினீர்களா? அவள் எதற்கு உங்கள் காலைத் தொடுகிறாள்? அவளுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

இதற்குப் பதில் எழுதுங்கள். கூடாரத்தைப் பற்றி வேண்டாம்.

ஞானப்பூ

*

ஹாலிஎல,
30.04.2024

அன்பான தங்கச்சிக்கு,

பதில் தாமதித்ததற்குக் குறை நினைக்காதே. பெரிய வெள்ளிக்குப் பிறகு ஒரு கிழமை காய்ச்சல், அதன் பிறகு புதுவருஷம், தபால் கந்தோரும் பூட்டு. இப்போது சுகம்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். துஷாந்தினிக்கு இருபது வயசில் என்னைத் தேடி வந்தாள். "எங்கம்மா எப்புடிங்க செத்தாங்க? கோயில்லதான இருந்தாங்கன்னு அத்தை சொன்னாங்க" என்று வாசலில் நின்று கேட்டாள். நான் என்ன சொல்ல? கோயிலில்தான் பத்திரமாக இருந்தாள், சட்டிபானை எடுக்கப் புருஷனோடு தானாகத்தான் கீழ் லயத்து வீட்டுக்குப் போனாள், விடிகாலையில் மலை இறங்கிவிட்டது என்று சொன்னேன். அந்தப் பிள்ளை அழுது, பிறகு நன்றி சொல்லி, அன்றிலிருந்து என்னைத் தகப்பனைப் போல நினைக்கிறாள். அவள் மனதுக்கு அது ஆறுதல். ஆறுதல் கொடுப்பது பாவமா?

பழைய புண்ணைக் கிளறி என்ன வரப்போகிறது? போனவர்கள் ஐந்து பேரும் வரப்போவதில்லை. அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்களில் சிலர் செத்து, சிலர் இந்தியாவுக்குப் போய், இன்று இங்கே மிஞ்சியது நீயும் நானும்தான். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீயும் அன்று கை தூக்கியவள்தான்.

கிஷாந்தன் வேலை எப்படி?

அண்ணன்,
இராசையா

*

கிளிநொச்சி,
20.05.2024

அண்ணனுக்கு,

உங்கள் காய்ச்சல் சுகமானது சந்தோஷம். கிஷாந்தன் சுகம்.

ஆமாம், தூக்கினேன். அதை எனக்கு ஞாபகப்படுத்த ஹாலிஎலவிலிருந்து தபால் வரவேண்டியதில்லை. யுத்தத்தால் ஊருக்கு வரமுடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். யுத்தம் முடிந்து பதினைந்து வருஷம். வெட்கத்தால்தான் வரவில்லை.

நீங்கள் எழுதமாட்டீர்கள், நான் எழுதுகிறேன். புதன்கிழமை கீழ் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்து, ஏழு குடும்பமும் பாயோடு கோயிலுக்கு ஏறி வந்தார்கள். வியாழன் நல்லபடி போனது. வெள்ளிக்கிழமை நம் ஆட்கள் மூக்கைச் சுளிக்கத் தொடங்கினார்கள். கோயிலுக்குள் கருவாடு சுடுகிறார்களாம், குழந்தை அசிங்கம் செய்துவிட்டதாம். ஞாயிறு திருவிருந்து, தரை கழுவவேண்டுமாம். கீழ் லயத்து ஆட்கள் இல்லாமல் மேல் லயத்து ஆட்கள் வந்திருந்தால் கருவாடு மணந்திருக்குமா அண்ணன்? ஆண்டவருக்கு முன் எல்லோரும் ஒன்று என்று பாட்டு, வாசலில் அவர்களுக்குத் தண்ணீர்க் கோப்பை மட்டும் வேறு.

நம் சபையில் ஆணி அடிப்பதென்றாலும் அங்கத்தவர் கை தூக்கித்தான் முடிவு. சனி மத்தியானம் சபையை நடத்திய உபதேசியார் கூட்டம் வைத்தார். ஒரு நாளைக்குக் கீழே போய், திங்கள் திரும்பி வரட்டும் என்று தீர்மானம். அவர்களும் கோயிலுக்குள்ளேயே மூட்டை முடிச்சோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுப்பலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது நீங்கள் எண்ணிக்கொண்டே பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் தூக்கினேன். பன்னிரண்டு. இருக்கட்டும் என்பவர்கள் பதினொன்று.

அந்தப் பதினொன்றோடு பெரியாயியும் கை தூக்கினாள். அவள் ஒரு வருஷமாக உங்களிடம்தான் வேதபாடம் படித்தாள். அக்டோபர் கடைசி ஞாயிறு அவளுக்கு முழுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தது. ஆற்றில் வெள்ளம் என்று தள்ளிப் போட்டோம். முழுக்கு எடுக்காதவள் அங்கத்தவள் இல்லை என்று நீங்கள் அவள் கையை இறக்கச் சொன்னீர்கள். அவள் கையையும் எண்ணியிருந்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, தீர்மானம் விழுந்திருக்கும். நான் கையைத் தூக்காமல் இருந்திருந்தாலும் விழுந்திருக்கும்.

போகும்போது, "பிள்ள இருமுது ஞானம், எங்க லயம் ஒழுகும், ஒரு நாளைக்கு வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

நாம் அடைக்கலம் தந்தவர்கள் இல்லை, துரத்தியவர்கள். அந்த வரியை எடுங்கள். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

ஞானப்பூ

*

ஹாலிஎல,
16.06.2024

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம்.

கல் செதுக்கி வந்துவிட்டது. போதகர் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். சொல்லிவிடத்தான் போனேன். நிரோஜன் சாக்கை விலக்கி, "எப்பிடி ஐயா, வடிவா வந்திருக்கோ?" என்று கேட்டார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. "நல்லா இருக்கு தம்பி" என்றேன். தேத்தண்ணீர் தந்தார், குடித்தேன், வந்துவிட்டேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயசு. இந்த ஊரில் என்னைச் சார் என்று கூப்பிடாத ஆளில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் டாக்டராகவும் கிராம சேவகராகவும் இருக்கிறார்கள். இந்த வயசில் என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? சட்டப்படிதான் செய்தேன். சபைச் சட்டத்தை நானா எழுதினேன்?

எனக்குத் தைரியம் இல்லை தங்கச்சி. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீ எழுதுவதானால் எழுது. அவள் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அண்ணன்,
இராசையா

*

கிளிநொச்சி,
28.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

விலாசம் கிடைத்தது. மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் "அன்புள்ள மகள் துஷாந்தினிக்கு" என்பதைத் தாண்டவில்லை. உங்களை அந்த அதட்டு அதட்டினவள், வாய்ச்சொல்லில் வீராதி வீரி, ஒரு தாளை நிரப்ப முடியாமல் கிழித்துப் போட்டேன். நான் அவளை என் மடியில் வைத்திருந்தவள். "உன் அம்மாவை அனுப்ப நானும் கை தூக்கினேன்" என்று அவளுக்கு எப்படி எழுதுவது? எழுதிவிட்டு எந்த முகத்தோடு தபால்காரனை எதிர்பார்த்து நிற்பது?

ஆகவே மிரட்டலை வாபஸ் வாங்குகிறேன். இப்போது கெஞ்சித்தான் கேட்கிறேன். நீங்கள் நேரில் போங்கள் அண்ணன். எனக்காகவும் சேர்த்துச் சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள், மறைக்கவேண்டாம். அவள் அந்தக் கல்லுக்கு முன்னால் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு நம் இருவருக்கும் வாயே இருக்கக்கூடாது.

முழங்காலுக்குக் கவனம். பஸ்ஸில் முன் இருக்கை கேட்டு வாங்கி உட்காருங்கள்.

தங்கச்சி,
ஞானப்பூ

*

ஹாலிஎல,
17.07.2024

என் தங்கச்சி ஞானப்பூவுக்கு,

போனேன். சொன்னேன். முதலில் கல்லின் கதையை எழுதிவிடுகிறேன்.

வெலிமடைக்குப் போய் வந்த மறுநாள் நிரோஜனிடமும் சொன்னேன். அவர் போய்ச் சாக்கை விலக்கி அடைக்கலம் என்ற வரியைப் பார்த்தார். பிறகு, "ஐயா, பொய்யைத் திறந்து வைக்க எனக்கும் ஏலாது" என்றார். செதுக்கியவரை வரவழைத்து அந்த வரியை இரண்டு பாஷையிலும் தேய்த்து எடுத்தார்கள். பளபளக்கும் கல்லில் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று மங்கிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தார்கள். "என்னங்க சார் இது, கல்லு ஊனமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். சிலர் முழுதும் கேட்டார்கள். சிலர் பாதியில் நகர்ந்து சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். நான் திறந்து வைக்கவில்லை, போதகர்தான் திறந்தார். துஷாந்தினி வரவில்லை. மலர்வளையமும் வரவில்லை.

இனி வெலிமடை.

நாலாம் திகதி வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். சந்தைக்குப் பின்னால் அவள் கடை. லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் ஓடிவந்து, "சார், சொல்லி அனுப்பிச்சா நான் வந்திருப்பேனே" என்று காலைத் தொடக் குனிந்தாள். நான் பின்னுக்கு விலகிவிட்டேன். ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், தரையில் கிடந்த கரட் இலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டிபானைக் கதை பொய் என்றேன். பன்னிரண்டு, பதினொன்று என்றேன். உன் பெயரையும் சொன்னேன். "ஒன்ன மடியில வச்சிருந்த ஞானப்பூவும் அந்தப் பன்னெண்டுல ஒருத்திதான். அவளால எழுத முடியல, என்னைச் சொல்லச் சொன்னா" என்றேன்.

அவள் கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்களா?"

"ஆமா."

"ஒன்னும் சொல்லலையா அவங்க?"

"இருக்கட்டும்ங்கிற பக்கம் கை தூக்குனா. ஒனக்கு இன்னும் முழுக்கு ஆகல, கையக் கீழ போடுன்னு நான் சொன்னேன்."

"போட்டாங்களா?"

"போட்டா."

இதோடு விட்டிருக்கலாம். நீ பெண்கள் பக்கம் இருந்தாய், தகரத்தில் மழை. உனக்கு மிச்சம் கேட்டிருக்காது. எனக்குப் பக்கத்தில் இருந்த உபதேசியாரும் செத்துப்போனார். நான் சொல்லாவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் விடவில்லை.

"போடும்போது ஏதாச்சும் சொன்னாங்களா சார்?"

பொய் சொல்ல வாய் வந்தது. இருபது வருஷத்துப் பழக்கம் அல்லவா? அவள் முகத்தைப் பார்த்தேன், வரவில்லை.

"'தெரியாமத் தூக்கிட்டேங்க சார், மன்னிச்சுக்கங்க'ன்னா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"'பரவால்ல, உக்காரு'ன்னேன்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியில் லொறிக்காரன் கூப்பிட்டான். கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தப் பெட்டியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் ஞானப்பூ. பஸ்ஸில் வழி முழுக்க அந்த வார்த்தையைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பெரியாயி என்னிடம் அதைக் கேட்டாள், நானும் பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தேன் என்று சொன்ன பிறகு, அதே வார்த்தையை அவள் மகளிடம் சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. கேட்காமலே வந்துவிட்டேன்.

உன் அண்ணன்,
இராசையா